மனுதாரருக்கு வீடு கிடைத்துவிட்டபடியால்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நண்பனுக்கு வீடு தர மறுத்தவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போய், அந்த வீட்டை எனக்கே பேசி முடித்து, அங்கேயே பாலும் காய்ச்சி, அதில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்தவன் நான். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. (அதைச் சொல்லாமல் விட்டால் வாக்குமூலம் முழுமை ஆகாது.)

சுனாமிக்கு மறு வருஷம் நடந்தது இது. காரைக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் எழுத்தர். சொந்த ஊர் பூவம். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. உலகத்தில் நடக்கும் எல்லா அநியாயத்துக்கும் என்னிடம் ஒரு மனு தயாராக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

என் மேஜைக்குப் பக்கத்து மேஜை குமரவேலுடையது. கடலோர மீனவர் ஊரான கருக்களாச்சேரிக்காரன். இருவரும் ஒரே கல்லூரி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே சம்பளம், ஒரே அதிகாரியிடம் ஒரே மாதிரி திட்டு வாங்கினோம். அவன் அப்பாவுக்குப் படகு. அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு டவுனில் வீடு வீடாகப் போய் விற்பார்.

குமரவேலுக்கும் அவன் மனைவி செல்விக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது. நாலு வயது. கடல் கொண்டுபோய்விட்டது. அந்தப் பெயரைச் செல்வி முன்னால் நாங்கள் யாரும் சொல்வதில்லை, அதனால் இங்கேயும் வேண்டாம்.

அதற்குப் பிறகு செல்விக்கு அலைச் சத்தம் ஆகவில்லை. காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தாள். டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். கடைசியில் வெறும் மிக்ஸியை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாளாம். இரண்டு மிக்ஸி புகைந்து போயிற்று. "வேற ஒண்ணும் வேணாம்டா. கடல் சத்தம் கேக்காத எடத்துல ஒரு வீடு. மார்கழி பொறக்குறதுக்குள்ள மாறிடணும். அந்த நாளு வர்றப்போ அவ அங்க இருக்கக் கூடாது" என்றான் குமரவேல். அது ஐப்பசி மாதம்.

மார்கழி என்றதற்கு இரண்டு காரணம். கடல் ஏறி வந்தது ஒரு மார்கழியில். இன்னொன்று, மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், குடிவைக்கவும் மாட்டார்கள். கார்த்திகையை விட்டால் தைதான்.

அவன் வீடு தேடினான். முதல் வீட்டில் எல்லாம் பேசி முடிந்த பிறகு "எந்த ஊருங்க?" என்று கேட்டார்கள். சொன்னான். ஊரிலிருந்து மச்சான் வருவதாக உடனே அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது வீட்டில் திடீரென்று வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வீட்டில் "உங்க ஆளுங்க கொஞ்சம் சத்தமா பேசுவீங்களே" என்று நேரடியாகவே சொல்லிவிட்டார்கள். (குமரவேல் பேசுவதைக் கேட்கப் பக்கத்து மேஜையிலிருந்து நான் நாற்காலியை நகர்த்திக்கொள்ள வேண்டும்.)

இதை அவன் வந்து சொன்னபோது இந்தச் சமூகநீதிக் காவலர் என்ன சொன்னார் தெரியுமா?

"நீ சரியா பேசியிருக்க மாட்ட. இந்தச் சட்டையில போனா யாரு வீடு குடுப்பா? நல்லா அயர்ன் பண்ணிப் போட்டுட்டுப் போ."

பாவி மனுஷன், அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு இன்னும் நாலு வீட்டுக்குப் போனான். ஏழு வீட்டிலும் இல்லை என்று ஆன பிறகுதான் கோளாறு சட்டையில் இல்லை என்று எனக்கு உறைத்தது. கல்லூரி படித்தவனுக்கு ஏழு வீடு தேவைப்பட்டது.

எட்டாவது வீடுதான் நம் கதை. ஊருக்கு மேற்கே, வாய்க்கால் தாண்டி, ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அம்மாவும் அவர் கணவரும், மேலே காலி. அந்த அம்மா குமரவேலின் அம்மாவிடம் பல வருஷமாக மீன் வாங்குபவர். "மாடி காலியாக் கெடக்கு. நல்ல குடும்பமா இருந்தா சொல்லேன்" என்று மீன் வாங்கும்போது அவரேதான் சொன்னார். குமரவேலின் அம்மா தன் குடும்பம் நல்ல குடும்பம்தான் என்று நினைத்து மகனை அனுப்பிவைத்தார். "அடடா, நேத்துதான் போச்சு தம்பி" என்று பதில் வந்தது. மறுநாள் காலையிலும் 'வீடு வாடகைக்கு' அட்டை கேட்டில் ஆடிக்கொண்டிருந்ததைக் குமரவேலின் அம்மா கூடையோடு நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"விடக் கூடாதுடா" என்றேன் நான்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் ஒரு பச்சை நிறப் புத்தகம். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் பயிற்சி முகாம்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்படி ஒரு மண்டபத்தில், இரண்டு நாள், பாகுபாட்டை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிப் புகார் செய்வது என்று பயிற்சி கொடுத்தார்கள். போனவர்களுக்கு ஒரு சணல் பை, ஒரு பேனா, அந்தப் பச்சைப் புத்தகம். அதில் பன்னிரண்டாம் பக்கம் எனக்கு மனப்பாடம். வீடு இல்லை என்று ஒருவரிடம் சொன்னால், எல்லா வகையிலும் அவரைப் போலவே இருக்கும் வேறொருவர் போய் அதே வீட்டைக் கேட்க வேண்டும். நோக்கத்தை யாரிடமும் வெளிப்படுத்தக் கூடாது. பேசியதைப் பேசியபடியே குறித்துக்கொள்ள வேண்டும். சாட்சி வேண்டும்.

எல்லா வகையிலும் குமரவேலைப் போல என்றால் என்னைவிட்டால் யார்? ஊர் பெயர் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் கல்யாணமாகாத பயலுக்கு வீடு காட்டவே மாட்டார்கள். குடும்பம் வேண்டும். அதனால் அம்மாவை அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்தேன். நோக்கத்தை யாரிடமும் வெளிப்படுத்தக் கூடாது அல்லவா? அம்மாவிடமும் வெளிப்படுத்தவில்லை. "டவுன்ல ஒரு வீடு பாக்கணும், வாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒரு தகவல். பூவத்தில் இருப்பதால்தான் எனக்குப் பெண் அமையவில்லை என்பது அவர் கட்சி. (என் மூஞ்சியைப் பற்றி அவருக்கு வேறு கருத்து இருந்தது.) டவுனில் வீடு என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காலண்டரைப் புரட்டினார். "இன்னைக்குத்தான்டா கடைசி நல்ல நாளு. நாளை விட்டா மறுநாளு மார்கழி" என்றார். உள்ளே போய் ஒரு பெரிய பையோடு வந்தார். பையில் என்ன என்று நான் கேட்கவில்லை. என் மனதெல்லாம் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.

ஏற்பாடு இதுதான். குமரவேலும் செல்வியும் அந்த வீட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். வீடு காலியாக இருக்கிறது, உங்களுக்குத் தருகிறோம் என்று வீட்டுக்காரர்கள் என்னிடம் சொன்ன அடுத்த நொடி நான் மாடி வராந்தாவுக்கு வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பேன். அவர்கள் உள்ளே வருவார்கள். "நேத்து போச்சுன்னீங்களே?" என்று குமரவேல் கேட்பான். பொய் பல்லிளிக்கும். பிறகு மனு. பிறகு நியாயம்.

"செல்வி எதுக்குடா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு அந்த வீட்ல ஒருவாட்டி நின்னு பாக்கணுமாம். சத்தம் கேக்குதான்னு."

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். டீக்கடையில் இருவரும் இருந்தார்கள். செல்வி மாம்பழக் கலர்ப் புடவை கட்டியிருந்தாள், வீடு பார்க்கப் போகிறவள் மாதிரி. நான் கண்டுகொள்ளாதவனைப் போல் நடந்தேன். (இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். ஒரு முறை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.)

வீட்டுக்கார அம்மா வாசலுக்கே வந்தார். அவரைப் பற்றிக் கெட்டவர் என்று எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை. தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைப் போட்டார், என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"பூவம்ங்க."

"பூவத்துல எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். அதோடு என் பரீட்சை முடிந்தது. அந்த அம்மா எழுந்து சாவிக்கொத்தை எடுத்தார். குமரவேல் எட்டு வீட்டில் நின்று, அயர்ன் சட்டை போட்டும் பெறாததை நான் ஒரு தெருப் பெயரில் பெற்றுவிட்டேன். சட்டை கசங்கித்தான் இருந்தது.

மாடிக்குப் போனோம். நான் நோட்டை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. "பொறுப்பான புள்ள. எழுதிக்குங்க தம்பி" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மோட்டாரு காலையில அரை மணிதான். எழுதிட்டீங்களா? மொட்டை மாடியில வத்தல் வடகம் காயப்போட்டுக்கலாம். மீனு சாப்புடுவீங்கல்ல? நாங்களும் சாப்புடுவோம். வாசல்லயே வரும், உசுரு மீனாட்டம் இருக்கும். எழுதிக்குங்க."

எழுதினேன்.

"அந்த மீன்காரம்மா மவன்தான் முந்தாநாளு வந்து வீடு கேட்டுச்சு. கருக்களாச்சேரி. போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். தங்கமான புள்ளதான், கவர்மெண்ட் வேலை. இருந்தாலும் அவங்க ஆளுங்க வருவாங்க, போவாங்க. நாளைக்கு நம்ம வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? சுனாமியப்போ முகாமுக்கு எங்க வீட்டுலேர்ந்துதான் மூணு நாளு சோறு ஆக்கிப் போச்சு. அது வேற, இது வேற. என்ன தம்பி?"

"ஆமாங்க" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். வீரமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பெரியவர்கள் "என்ன தம்பி?" என்று கேட்டால் "ஆமாங்க" என்று சொல்லிப் பழகிய வாய், அதன் வேலையை அது பார்த்துக்கொண்டது. நோட்டிலும் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டேன். வடகத்துக்குக் கீழே.

இனி ஒரு வேலைதான் பாக்கி. வீடு உங்களுக்குத்தான் என்ற வார்த்தை வர வேண்டும், நான் வராந்தாவுக்குப் போக வேண்டும். "அப்போ வீடு..." என்று இழுத்தேன். பதிலுக்கு அடுப்படியில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால், என் அம்மா. அந்தப் பையிலிருந்து வெளியே வந்தவை: ஒரு சின்ன ஸ்டவ், பித்தளைச் சொம்பு, பால் பாக்கெட், சர்க்கரை, மஞ்சள், ஒரு முருகன் படம், அரை டஜன் டம்ளர்.

"அம்மா! என்னா பண்றே?"

"வீடு புடிச்சிருக்குடா. இன்னைக்கு விட்டா தைதான். வீட்டுக்காரம்மாகிட்ட கீழயே கேட்டுட்டேன், காய்ச்சிக்குங்கன்னுட்டாங்க."

"நல்ல காரியத்தை ஏன் தள்ளிப்போடணும்?" என்றார் வீட்டுக்கார அம்மா, பின்னால் வந்து.

நான் தடுத்திருக்கலாம். வாயைத் திறந்து, அம்மா, இது நமக்கான வீடு இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் நோக்கத்தை வெளிப்படுத்தக் கூடாது என்று பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறதே! (அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு என் அம்மாவைத் தெரியாது.) நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே பால் எழும்பி, நுரைத்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது.

"கெழக்கால பொங்கிடுச்சு! இனிமே நீங்க வேணாம்னாலும் நான் விட மாட்டேன்" என்று வீட்டுக்கார அம்மா சிரித்தார். சாவியை என் அம்மா கையில் வைத்தார். கீழே பார்த்து, "ஏங்க, அந்த அட்டையைக் கழட்டிடுங்க" என்று கணவருக்குக் குரல் கொடுத்தார்.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. காற்றுக்காக வராந்தாவுக்கு வந்தேன். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

துடைத்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அவர்கள் அதற்குள் தெருவைக் கடந்துவிட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கையில் கைக்குட்டை இருந்ததால் சீக்கிரம் வாருங்கள் என்று கொடி காட்டுவது மாதிரி ஆகிவிட்டது. இன்னும் வேகமாக வந்தார்கள்.

குமரவேல் படியேறி வந்து, ஒத்திகை பார்த்தபடி, சத்தமில்லாத அந்தக் குரலில் கேட்டான்: "நேத்து போச்சுன்னீங்களேம்மா?"

வீட்டுக்கார அம்மா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. தடுமாற என்ன இருக்கிறது? கேட்டில் அட்டை இல்லை. சாவி என் அம்மா கையில். அடுப்பில் பால்.

"ஆமா தம்பி. இவங்களுக்குத்தான் போச்சு. பாருங்க, பாலே காய்ச்சியாச்சு."

அந்த அம்மா சொன்ன பொய்யை நான்தான் வந்து உண்மையாக்கிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுப்படியிலிருந்து என் அம்மா எட்டிப் பார்த்தார். நான் ரகசியமாகக் குமரவேலை அழைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "அட, குமரவேலு! சரியான நேரத்துக்கு வந்தே! செல்வியையும் கூட்டியாந்தியா? வாம்மா, வா, மொத டம்ளரு ஒனக்குத்தான்" என்று அவள் கையில் பாலைத் திணித்தார்.

செல்வி டம்ளரை வாங்கிக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் போய், தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள். எங்கேயோ மிதிவண்டி மணி ஒன்று அடித்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"கேக்கலங்க" என்றாள் குமரவேலிடம். "இங்க கேக்கவே இல்ல."

பிறகு டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். குமரவேல் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதைப் பற்றி எழுத மாட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு என் அம்மா நீட்டிய டம்ளரைத்தான் வாங்கிக் குடித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கேட்டார். "அந்தப் பொண்ணு ஏன்டா பாலைக் குடிக்காம போவுது?"

"அவங்களும் வீடு தேடுறாங்கம்மா. நமக்குக் கெடைச்சிருச்சு."

"ஐயோ பாவம். வேற வீடு கெடைக்காமலா போவும்?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் மனு எழுதினேன். குமரவேலிடம் கையெழுத்துக் கேட்டேன். "நீயே போட்டுக்க" என்றான். ஆகவே மனுதாரர் நான். சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்துக்குப் போய் ஆதாரத்தோடு நின்றேன். அங்கிருந்த அதிகாரி என் நோட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"மோட்டார் காலையில் அரை மணி. வத்தல், வடகம். மீன் உசுரு மீனாட்டம்..." நிறுத்தினார். "இது என்னங்க?"

"அதுக்குக் கீழ சார்."

கீழே படித்தார். முகம் மாறியது. "ம். சரி, வீடு இப்போ யாருக்குப் போச்சு?"

"எனக்கு சார்."

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "வீடு கெடைச்சது உங்களுக்கு. புகார் குடுக்குறதும் நீங்க. அப்போ உங்க குறைதான் என்ன? மோட்டாரு ஓடலையா?"

நான் விளக்கினேன். அவர் கேட்டார், கேலி செய்யாமல்தான் கேட்டார். "தனியார் வீடு தம்பி. யாருக்கு விடுறதுங்கறது அவங்க இஷ்டம்பாங்க. இதை எந்தச் சட்டத்துல கொண்டுபோய்ச் சேக்குறதுன்னு எனக்கே தெரியல. உங்க கூட்டாளியாவது நேர்ல வந்தாரா?" என்றார். வரவில்லை என்றேன். பெருமூச்சு விட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

மார்கழி பிறந்தது. பால் காய்ச்சியாகிவிட்டால் சாமான் எப்போது போனாலும் தோஷமில்லை என்பது அம்மாவின் கணக்கு. நாலாம் நாள் அம்மா ஒரு வேன் பேசி, பூவத்து வீட்டுச் சாமானில் பாதியை ஏற்றிவிட்டார். அண்டா, குண்டான், ஆட்டுக்கல், என் தாத்தா காலத்துப் பீரோ. "போறப்போ குமரவேலை வரச் சொல்லுடா. எறக்கக் கை வேணும்" என்றார்.

"அவன் வர மாட்டாம்மா."

"ஏன்?"

இனிமேல் மறைக்க முடியாது. வேன் டிரைவர் பீடி பற்றவைக்க, நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வீடு, பச்சைப் புத்தகம், கைக்குட்டை, "ஆமாங்க", மிக்ஸி. மிக்ஸியைச் சொல்லும்போது அம்மா பீரோவில் கையை ஊன்றிக்கொண்டார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நம்ம வீட்டுல கொல்லை ரூமு காலியாத்தானேடா கெடக்கு. அலைச் சத்தமா கேக்குது இங்க? உனக்கு ஏன்டா தோணல?"

இரண்டு மாதமாக அவன் ஊரெல்லாம் வீடு தேட யோசனை சொன்னேன். புத்தகம் படித்தேன், வேவு பார்த்தேன், மனு எழுதினேன். தாழ்ப்பாள்கூடப் போடாத அந்த அறையைத் தினமும் கடந்துதான் கிணற்றடிக்குப் போனேன். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"எனக்கும்தான் தோணல" என்றார் அம்மா. "அந்தப் பொண்ணுக்கு வேற வீடு கெடைக்கும்னு வாய் கூசாம சொன்னேன் பாரு." பிறகு டிரைவரிடம், "வண்டியை எடுப்பா. மொதல்ல டவுனு, அப்பறம் கருக்களாச்சேரி" என்றார்.

"சாமான்லாம் இருக்கேம்மா?"

"அது கெடக்கட்டும். எடு."

வீட்டுக்கார அம்மாவிடம் காரணத்தைச் சொல்லி என் அம்மா சாவியை நீட்டியபோது அவர் பதறிவிட்டார். "மார்கழியில வீட்டை விடுறேங்குறீங்களே! பால் காய்ச்சின வீடுங்க. நான் அப்படி என்ன தப்பு பண்ணேன்? அவங்களுக்கு சோறு ஆக்கிப் போட்டவ நான்."

"போட்டீங்கம்மா. இல்லேங்கல" என்றார் என் அம்மா. "அந்தச் சோத்தைச் சாப்புட்டவதான் அன்னைக்கு உங்க கூடத்துல நின்னா."

கருக்களாச்சேரியில் குமரவேல் ரொம்ப நேரம் தயங்கினான். எதுக்கும்மா, பரவாயில்லம்மா என்றான். செல்வி தயங்கவில்லை. உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு, எங்கள் அண்டாவுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மார்கழி மாதத்தில், பாதி ஊர்வலம் போல, புறப்பட்ட சாமான் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. டிரைவர் இன்றுவரை எங்களைப் பார்த்தால் ஒரு மாதிரியாகத்தான் சிரிக்கிறார்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் மறுநாளே பெரியப்பா வந்தார். "குடிவைக்க வேற ஆளே கெடைக்கலையா?" என்று அம்மாவைக் கேட்டார். பக்கத்து வீட்டில் மோர் வாங்க வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்த மாடி வீட்டு அம்மா சொன்ன நாலு பேர் யார் என்று தேடி நான் காரைக்காலுக்குப் போயிருக்கவே தேவையில்லை. எங்கள் தெருவிலேயே இருந்தார்கள், அதில் இரண்டு பேர் எனக்குச் சொந்தம். செல்வியும் அதைக் காதில் வாங்கினாள். ஆனாலும் இருந்தாள். அந்த நாள் வந்தது, போனது. அன்று அவள் எதுவும் சாப்பிடவில்லை. அந்த மாதம் முழுவதும் மிக்ஸி மட்டும் ஓடவில்லை.

சித்திரையில் என் மனுவுக்குத் தபாலில் பதில் வந்தது. ஒரே வரி. 'மனுதாரருக்கு வீடு கிடைத்துவிட்டபடியால் இதன் மீது மேல் நடவடிக்கை தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.' அதைக் குமரவேல் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

இப்போது அவர்களுக்குச் சொந்தமாகவே ஒரு வீடு இருக்கிறது, கடலிலிருந்து உள்ளே தள்ளி. காற்று கிழக்கிலிருந்து அடித்தால் அங்கும் கொஞ்சம் கேட்கும். அதனால் ஒவ்வொரு மார்கழியிலும் அந்த நாளுக்கு முதல் நாள் செல்வி பூவத்துக்கு வந்துவிடுவாள். என் மனைவி கொல்லை ரூமைப் பெருக்கி வைப்பாள். மத்தியானம் செல்வி அங்கே படுத்துத் தூங்குவாள். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவார்.

குமரவேல் அப்போதுதான் ஆரம்பிப்பான். நான் பஸ் கூட்டத்தைப் பற்றியோ முதுகு வலியைப் பற்றியோ ஏதாவது குறை சொன்னால் போதும். "மனுதாரருக்கு வீடு கிடைத்துவிட்டபடியால்..." என்று இழுப்பான். என் மனைவி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக் காட்டுவாள். அம்மா மட்டும், "எல்லாம் சரி, உனக்கு ஏன்டா தோணல?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் எனக்குப் பதில் தெரியாது. உடனே எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடும். உள்ளே அவள் தூங்குகிறாள் என்பதால், வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் சிரிப்போம்.